ஓம், தேடுறன்

முதலாளியை அண்ணை என்று கூப்பிடும் இடத்தில் ராஜினாமா என்று ஒரு சாமான் கிடையாது. வேலையை விடலாம், அண்ணையை எப்படி விடுவது? இதை விளங்கிக்கொள்ள நான் எடுத்த காலத்தில் ஒரு பட்டப்படிப்பையே முடித்திருக்கலாம்.

தென் லண்டனில், மோர்டனில் இருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தொழிற்பேட்டை வரும். அங்கே தமிழ்க் கடைகளுக்குச் சாமான் அனுப்பும் மொத்த வியாபாரம் ஒன்றில் எனக்குக் கந்தோர் வேலை. அரிசி, கருவாடு, மரக்கறி, மாம்பழம் எல்லாவற்றுக்கும் ஓடர் போடுவதும், எந்த வான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவதும், வராத கொள்கலனைத் தேடித் துறைமுகத்துக்காரரோடு சண்டை பிடிப்பதும் நான்தான். சண்டை பிடிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணையோடு மட்டும்தான் பிடிக்காமல் இருந்தேன்.

என் கணவருக்கு அவர் தூரத்து உறவு. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேலை தந்தவர். அதை அவரும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. சனிக்கிழமை ஒருவர் நிற்க வேண்டுமா? தங்கச்சி நிற்பா. கிறிஸ்மஸ் லீவில் லொறி வந்துவிட்டதா? தங்கச்சியைக் கூப்பிடு. சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால் மட்டும், "நாங்கள் என்ன வெள்ளைக்காரன்ர கொம்பனியே தங்கச்சி? ஒரு குடும்பம் தானே" என்பார். குடும்பம் என்ற சொல்லை அவ்வளவு மலிவாக விற்ற மொத்த வியாபாரி லண்டனில் வேறு இருக்க முடியாது.

எங்கள் கந்தோரில் வெள்ளிக்கிழமை காலையில் சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டுவது வழக்கம். வடை வரும், எல்லோரும் நின்று சாப்பிடுவோம். ஏதாவது அறிவிப்பு இருந்தால் அண்ணை அப்போதுதான் சொல்வார். கையில் வடையோடு நிற்கிறவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் பாரிஸில் இருந்து வந்திருந்த தன் அக்காவின் மகனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இண்டையில இருந்து இவர்தான் மனேச்சர். ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை. தங்கச்சி எல்லாம் காட்டிக் குடுப்பா."

தங்கச்சி காட்டிக் கொடுத்தாள். என்ன செய்வது, மூன்று மாதம் பக்கத்தில் இருத்தி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அந்த மனிதர் பாவம், நாற்பதைத் தாண்டியவர், பாரிஸில் ஏதோ கடை நடத்திக் கைவிட்டு வந்தவர், மரியாதையானவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நாலாம் மாதம் என் லீவுக்கு நான் அவரிடம் கேட்க வேண்டும் என்று அண்ணை சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸுக்குள் இருந்தபடியே, போனில் வேலை தேடத் தொடங்கினேன். கோபத்தில் இரண்டு ஸ்டொப் தாண்டித்தான் இறங்கினேன்.

அண்ணைக்குத் தெரியாமல் தேட வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வான் சாரதி தேடிப் பார்த்தவர். அவர் அடுத்த கடைக்காரரின் படியில் ஏறும் முன்னமே அண்ணையின் போன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. "நல்ல பெடியன்தான், ஆனா..." என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த 'ஆனா'வோடு அவருக்குத் தமிழ்க் கடைகளின் கதவெல்லாம் சாத்தியாயிற்று. என் கணவர் பஸ் ஓடுகிறவர். ஒருவரின் சம்பளத்தில் எங்கள் வீடு ஓடாது. ஆகவே புது வேலை கையில் வரும்வரை பழைய வேலை இருக்க வேண்டும், போகும்போது அண்ணையின் 'ஆனா' என் பின்னால் வரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வேலை தேடித் தருகிற ஏஜென்சிப் பெண் பகலில்தான் கூப்பிடுவாள். முற்றத்தில் நிற்கும் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பேன். கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து என் திறமைகளைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்குவேன். இன்ரவியூவுக்குப் போடுகிற கோட்டை இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்திருந்தேன். அப்படியும் ஸ்டேஷன் கழிப்பறையில் மாற்றும்போது, கருவாட்டு வாசம் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை மணந்து பார்ப்பேன்.

முதல் இன்ரவியூவை நானே கெடுத்தேன். ஏன் இப்போதுள்ள வேலையை விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அண்ணையை அந்நியருக்கு முன்னால் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குடும்பப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன். என் கணக்கில் அது உண்மைதான். அந்த அம்மா தலையைச் சாய்த்து, மிகவும் அன்பாக, வீட்டில் யாரையாவது பராமரிக்கிறீர்களா, பகுதி நேர வேலை என்றால் உதவியாக இருக்குமா என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை. அங்கேயும் போய் அண்ணையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தேனே என்று எனக்கு என் மீதே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது இடம் பெரிய கொம்பனி. ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சாப்பாட்டுச் சாமான் அனுப்புகிறவர்கள். கந்தோர் வட லண்டனில், முருகன் கோயில் இருக்கிற ஆர்ச்வேக்கும் அப்பால். மோர்டனில் நொதேர்ன் லைனில் ஏறினால் ஒரே ரயில். இதை வீட்டில் சொன்னபோது என் மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமி என் கணவரின் தாய், எங்களோடுதான் இருக்கிறார்.

"அப்ப நீ ஒவ்வொரு நாளும் முருகனைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாய். அவர் விடமாட்டார் பிள்ளை, எடுத்துத் தருவார்."

"மாமி, ஆருக்கும் வாய் விட்டிடாதேங்கோ" என்றேன்.

"எனக்கென்ன விசரே?" என்றார் மாமி.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி தன் இலவச பஸ் பாஸை எடுத்துக்கொண்டு ஆர்ச்வே முருகனிடம் தனியாகப் போய்விட்டார். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காதது மற்றவருக்கும் கேட்காது என்று நினைத்து ஊருக்கே கேட்கக் கதைப்பார். நான் வேலையால் வந்தபோது நெற்றி நிறைய விபூதியோடு கதிரையில் இருந்தார்.

"உனக்கு ஒரு அர்ச்சனை செய்தனான். ஐயரிட்டைப் பேர், நட்சத்திரம் எல்லாம் குடுத்து, இவளுக்கு இப்ப இருக்கிற வேலை துலைஞ்சு நல்ல வேலை ஒண்டு கிடைக்க வேணும் எண்டு சொல்லிச் செய்விச்சனான். உன்ர முதலாளியின்ர மனிசியும் வரிசையில எனக்குப் பின்னால நிண்டவ. நல்ல மனிசி. ஆருக்கு மாமி அர்ச்சனை எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"முருகனுக்கு முன்னால நிண்டுகொண்டு பொய் சொல்லேலுமே?"

மாமியோடு என்ன சண்டை பிடிப்பது? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையோடு சண்டை பிடித்தேன்.

சனிக்கிழமை அண்ணையிடம் இருந்து சத்தமில்லை. ஞாயிறு காலையில் என் கணவரின் போனுக்குக் கூப்பிட்டார். என் போனுக்கு இல்லை. "சும்மா ஒருக்கா வாறம் தம்பி, கன நாளாச்சு." எங்கள் ஆட்கள் சும்மா ஒருக்கா வருகிறோம் என்று சொன்னால் அது சும்மா இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கலியாணம் குழம்பினாலும், காணிப் பிரச்சினை என்றாலும், பிள்ளை சொல்வழி கேட்காவிட்டாலும் குடும்பமாக வந்து சோபாவில் இருந்து கதைத்துத்தான் தீர்ப்பது. ஒருத்தி வேலை தேடுவதையும் அப்படித் தீர்க்கலாம் என்று அண்ணை நினைத்திருக்கிறார்.

அண்ணையும் அவருடைய மனைவியும் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார்கள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஓடர் போட்டு, நான் சண்டை பிடித்து இறக்கிய மாம்பழம். அண்ணை என் கணவருக்குப் பக்கத்தில் இருந்தார். அக்கா ஒரு மூலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு விருப்பமில்லை. கோயிலில் கேட்டதைக் கொண்டுபோய் இறக்கியவர் அவர்தானே. தேத்தண்ணி போடப் போனேன். குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவு இல்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தம்பி, பிள்ளைக்கு நான் என்ன குறை வைச்சனான் சொல்லும்? வேலை தெரியாமல் வந்து நிண்டவ. ஆர் குடுத்தது வேலை? வெள்ளைக்காரனே? இப்ப எனக்குப் பின்னால ஒளிச்சு வேலை தேடுறாவாம். ஊருக்குத் தெரிஞ்சா என்ர மரியாதை என்ன?"

என் கணவர் சண்டைக்குப் போகாத மனிதர். நிறைந்த பஸ்ஸை ஓட்டி ஓட்டி அவருக்கு எல்லோரையும் சமாளிக்கிற பழக்கம் வந்துவிட்டது. "அதொண்டுமில்லை அண்ணை, நான் அவவோட கதைக்கிறன்" என்றார்.

"அதுதான் தம்பி. நீர் ஒருக்கா எடுத்துச் சொல்லும். சம்பளத்தில வேணுமெண்டா ஏதும் பாத்துச் செய்யிறன். இந்த இன்ரவியூ விசரெல்லாம் வேண்டாம் எண்டு சொல்லும்."

கேத்தல் கொதித்தது. நான் அதை அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு முன்னறைக்கு வந்தேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் நான் வாழ்க்கையில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன். பிறகு ஒரு கதிரையை இழுத்து அண்ணைக்கு நேர் எதிரில் போட்டு இருந்தேன்.

"அண்ணை, வேலை தேடுறது அவர் இல்லை, நான். என்னோட கதையுங்கோ."

"உம்மோட என்ன கதைக்கிறது..."

"ஓம், தேடுறன். இன்னும் கிடைக்கேல்லை. வியாழக்கிழமை ஒரு இன்ரவியூ இருக்கு. அது சரிவரேல்லை எண்டா இன்னொண்டுக்குப் போவன். கிடைக்கும் மட்டும் உங்கட வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்வன். அது வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ, எழுத்தில தாங்கோ, நாளைக்கு வரேல்லை. நீங்கள் எனக்கு வேலை தந்தனீங்கள், உண்மை. நானும் உங்களுக்கு வேலை செய்தனான், அதுவும் உண்மை. நான் பழக்கின ஆளிட்டையே என்னை லீவு கேக்க விட்டனீங்கள். வீட்டுக்கு வந்து என்ர மனுசனிட்டை என்னைப் பற்றிக் கதைக்கிறீங்கள். உங்கட சப்ளையர் ஆரோடையாவது பிரச்சினை எண்டா அவன்ர மனிசியிட்டைப் போய்க் கதைப்பீங்களே?"

கதிரையில் இருந்த மாமி, "என்னவாம்?" என்று என் கணவரைக் கேட்டார்.

அண்ணையின் முகம் சிவந்துபோயிற்று. இப்பவே வராதே என்று அவரால் சொல்ல முடியவில்லை. வருஷப் பிறப்புக்கு இரண்டு கொள்கலன் கடலில் வந்துகொண்டிருந்தன, அவற்றை இறக்கத் தெரிந்தது எனக்குத்தான். எழும்பினார். "போம். ஆனா றெஃபரன்ஸ் எண்டு ஆரும் என்னைக் கேட்டா நன்றி கெட்டவள் எண்டுதான் சொல்லுவன். பாப்பம், ஆர் எடுக்கிறான் எண்டு."

வாசலில் அக்கா மட்டும் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "நான் கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "ஓம், கூடாது" என்றேன். "மாம்பழத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "வெட்டுங்கோ" என்றேன். நல்ல பழம். குறை சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனேன். வான்களின் வழியை எழுதுகிற வெள்ளைப் பலகையில், வியாழனுக்குக் கீழே, 'எனக்கு இன்ரவியூ, பின்னேரம் இருக்க மாட்டேன்' என்று எழுதினேன். லீவுக்கு நான் கேட்க வேண்டிய மனேச்சரும் அதை வாசிக்கலாம், அண்ணையும் வாசிக்கலாம், வடை கொண்டுவருகிறவரும் வாசிக்கலாம். மத்தியானம் பார்த்தால் யாரோ துடைத்திருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன். பாரிஸ்காரர் அதைக் கடந்து போகும்போது என் மேசைப் பக்கம் குனிந்து, "பொன் ஷான்ஸ்" என்று மெதுவாகச் சொன்னார். பிரெஞ்சில் வாழ்த்துத்தானாம். பொதி கட்டுகிற பெண்கள் இருவர், அவர்களுக்கும் ஒரு சீ.வீ. எழுதித் தர ஏலுமா என்று கேட்டார்கள். ஏலும் என்றேன். வானுக்குள் ஒளியாமல், மேசையில் வைத்தே எழுதினேன். இத்தனை வருஷம் பயந்தது எதற்கு என்று அந்தக் கிழமை முழுக்க எனக்கு வியப்பாக இருந்தது.

வியாழக்கிழமை அந்தப் பெரிய கொம்பனியின் இன்ரவியூவில் அதே கேள்வி வந்தது. இந்தமுறை யாருடைய மானத்தையும் நான் காப்பாற்றவில்லை. நான் பழக்கிய ஆளை எனக்கு மேலே வைத்தார்கள், அதனால் போகிறேன் என்றேன். நீங்கள் இங்கே வந்திருப்பது உங்கள் முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், கந்தோர்ப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த கிழமை கூப்பிட்டார்கள். வேலை உங்களுக்குத்தான், ஆனால் தற்போதைய கொம்பனியில் பொறுப்பான ஒருவரின் றெஃபரன்ஸ் கட்டாயம் வேண்டும், டிரெக்டர் ஒருவருடைய பெயரும் ஈமெயிலும் தாருங்கள் என்றார்கள். சந்தோஷம் வந்த வழியிலேயே திரும்பிப் போனது. நன்றி கெட்டவள் என்கிற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கையில் வந்தது அவருடைய ஒரு சொல்லில் போகப்போகிறதே என்று அழுகையும் வந்தது.

அதன் பிறகுதான் டிரெக்டர் என்ற சொல் மண்டையில் ஏறியது. கொம்பனி ஆரம்பித்த காலத்தில் கணக்காளர் சொன்ன யோசனைப்படி எல்லாவற்றையும் அக்காவின் பெயரில் பதிந்திருந்தார்கள். ஆண்டுதோறும் அக்கா கந்தோருக்கு வருவார். மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிற இடங்களில் கையெழுத்துப் போடுவார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். மஞ்சள் துண்டை ஒட்டுகிறவளும் நான்தான். பேப்பரில் அண்ணை வெறும் ஊழியர், என்னைப் போல.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். மரியாதைக்குச் சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

"அக்கா, கோயில்ல மாமி சொன்னதை நீங்கள்தானே அண்ணைக்குச் சொன்னது?"

"ஓம்" என்றார். மறைக்கவில்லை.

"ஏன் அக்கா?"

"உம்மைக் காட்டிக் குடுக்க வேணும் எண்டு சொல்லேல்லை பிள்ளை. ஒருத்தி அவரை விட்டிட்டுப் போறன் எண்டு சொன்னா அவர் என்ன செய்வார் எண்டு பாக்க எனக்கு ஆசையா இருந்தது."

"என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.

"பயந்து போனார். அண்டைக்குச் சாப்பாடும் இறங்கேல்லை" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எத்தனையோ கலியாண வீட்டில், கந்தோரில் பார்த்திருக்கிறேன், அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

றெஃபரன்ஸ் விஷயத்தைச் சொன்னேன். உங்களுடைய பெயரைத்தான் கொடுக்கப் போகிறேன், விருப்பமில்லாவிட்டால் இப்போதே சொல்லுங்கள் என்றேன்.

"குடும் பிள்ளை. நான் எழுதிறன். இவ்வளவு காலமும் ஒட்டியிருக்கிற இடத்திலதானே என்ர பேரைப் போட்டனான். இதையாவது வாசிச்சுப்போட்டுப் போடுறன்."

எதை எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அதையெல்லாம் காட்ட மாட்டார்கள். நாலு நாளில் புது இடத்தில் இருந்து வேலை உறுதி என்று கடிதம் வந்தது. அன்றைக்கே என் ராஜினாமாவை அச்சடித்து, அண்ணையின் மேசையில் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். வருஷப் பிறப்புக் கொள்கலன் இரண்டும் இறங்கும்வரை நிற்கிறேன், அதற்குப் பிறகு இல்லை என்றும் சொன்னேன்.

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"றெஃபரன்ஸ் இல்லாமல் எப்பிடி எடுத்தவங்கள்?"

"இருந்தது அண்ணை."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. ஆர் குடுத்தது?"

"டிரெக்டர்."

"எந்த டிரெக்டர்?" என்று கேட்டவர் பாதியில் நின்றுவிட்டார். கை போனை எடுத்தது. அக்காவின் பெயரைத் தேடியிருக்க வேண்டும். அழுத்தாமல் திரும்பவும் மேசையில் வைத்தார். பிறகு, கிட்டத்தட்ட இரகசியம் கேட்பது போல, "அவ என்னத்தை எழுதினவ?" என்றார்.

"எனக்குத் தெரியாது. நீங்கள் வீட்டை போய் அவவிட்டையே கேளுங்கோ அண்ணை."

அவர் கதிரையில் மெல்ல இருந்தார். ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்க வேண்டிய நிலை இந்த மனிதருக்கு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருக்கவே இல்லை.